பழைய கண்டாங்கிச் சேலையும் பிளவுஸ் பிட்டும் இருந்தா போதும், பரிசு வீட்லயே தச்சிரலாம்

விசேஷ வீட்டுக்குப் போனா மொய் எழுதுறோம், அது முறை, அதை விடச் சொல்லல. ஆனா அந்தக் கவரோட சேத்து கையால தச்ச ஒரு சுருக்குப்பை, சூடான சட்டிய இறக்க ஒரு ஜோடி பிடிதுணி, பிள்ளை பெத்த வீடுன்னா குழந்தைக்கு ஒரு விரிப்புன்னு வச்சு குடுத்துப் பாருங்க, அது அந்த வீட்ல வருஷக்கணக்கா புழங்கிக்கிட்டே இருக்கும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு நம்ம பக்கம் எந்த வீட்டு பீரோவத் தொறந்தாலும் கட்டாத சேலை நாலு, பழுப்பேறின வேட்டி ரெண்டு, டெய்லர் திருப்பிக் குடுத்த பிட் துணி ஒரு கவர் நிறையன்னு கிடக்கத்தான் செய்யுது. நேர் தையல் மட்டும் அடிக்கத் தெரிஞ்சா போதும், இங்க சொல்லப்போற சாமான்ல முக்காவாசி வந்துரும்.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நான் பிடிவாதம். "இன்னைக்கு பை தைக்கலாம்"னு முடிவு பண்ணிட்டு துணிய தேடாதீங்க. துணிய முதல்ல எடுத்து விரிச்சு, அதுல எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்குன்னு பாத்துட்டு, அதுக்கு ஏத்த சாமான முடிவு பண்ணுங்க. நைஞ்சு போன சேலைல காய்கறிப் பை தச்சா அழகாத்தான் இருக்கும், ரெண்டு கிலோ வெங்காயம் போட்டா காதுகிட்ட பிஞ்சிரும். அதே சேலை குழந்தைக்கு விரிப்பாவோ பைக்கு உள்துணியாவோ போனா இன்னும் பத்து வருஷம் உழைக்கும்.

துணி சேக்குறது

பிளவுஸ் தைக்கிற டெய்லர் அக்காக்கள்தான் முதல் ஆளு. ஒரு மீட்டர் பிட்ல பிளவுஸ் வெட்டினது போக மூலைல அரைச் சாண், ஒரு சாண்னு மிஞ்சும், அதை அவங்க மூட்டை கட்டி தூக்கித்தான் போடுறாங்க. போய் கேட்டா குடுத்துருவாங்க, சும்மா வாங்காம ஒரு டீ வாங்கிக் குடுங்க, அடுத்த தடவ உங்களுக்குன்னே நல்லதா எடுத்து வச்சிருப்பாங்க. லைனிங் துணி மிச்சத்தையும் விட்டுராதீங்க, நல்ல காட்டன் லைனிங்கா இருந்தா சின்னப் பைக்கு உள்ள போட அதைவிட தோதான துணி இல்ல.

அடுத்து வீடு. இங்க பாதி பெரிய வீடு பூட்டித்தான் கிடக்கும், ஆளுக சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் இருப்பாங்க, படைப்பு (முன்னோர்களுக்குப் படைக்கிறது), கல்யாணம்னு வந்தாத்தான் தொறந்து வளவெல்லாம் கழுவி விடுவாங்க. அந்த நேரம் பெட்டகத்துலயும் டிரங்குப் பெட்டியிலயும் இருந்து வர்ற துணி இருக்கே, அதுதான் தங்கம். பழைய கைத்தறி கண்டாங்கி, பெரிய கட்டம் போட்டு, கனமான கரை வச்சு, அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்புமா. 2019ல காரைக்குடி கண்டாங்கிக்கு புவிசார் குறியீடு கிடைச்ச பிறகு புதுசு வாங்க நிறைய பேரு வர்றாங்க, பழசு மட்டும் இன்னமும் திண்ணை துடைக்கத்தான் போகுது. போகிக்கு பழசக் கொளுத்துறேன்னு துணி மூட்டைய வாசல்ல வைக்கிறவங்கள பாத்தா கேட்டு வாங்கிருங்க. பாலியஸ்டர எரிச்சா வர்ற புகை மூச்சுக்கு ஆகாது, காட்டன எரிக்க மனசு ஆகாது.

பட்டுச் சேலைல கத்திரி வைக்கிறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்க. பழைய பட்டுல அசல் வெள்ளி ஜரிகை இருந்தா அதுக்குன்னே விலை இருக்கு, பழைய பட்டு எடுக்கிறவங்க ரெண்டு பேருகிட்ட காட்டி விசாரிச்சுட்டு அப்புறம் வெட்டலாமா வேணாமான்னு முடிவு பண்ணுங்க.

துணி என்ன நெலமைல இருக்குன்னு பாக்குறது

ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா துணிய தூக்கிப் பிடிங்க. எங்கெங்க வெளிச்சம் அதிகமா தெரியுதோ அங்கெல்லாம் இழை தேஞ்சிருக்குன்னு அர்த்தம். சேலைன்னா கொசுவத்தோட கீழ் ஓரம், தோள்ல பின் குத்துற இடம், வருஷக்கணக்கா ஒரே மடிப்புல வச்சிருந்த கோடு, இந்த மூணும் முதல்ல போகும். பட்டு மடிப்புக் கோட்டுலயே கீறிக்கிட்டு வரும். இடுப்புல உள்ள சொருகுற பகுதியும் கரையும் மட்டும் அநேகமா புதுசு மாதிரியே இருக்கும். வேட்டின்னா உக்காருற இடம் போயிருக்கும், ரெண்டு தலைப்பும் நல்லா இருக்கும்.

அப்புறம் ரெண்டு கட்டைவிரலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு துணிய வெடுக்குன்னு இழுத்துப் பாருங்க, நீளவாக்குல ஒரு தடவ, குறுக்குல ஒரு தடவ. சரக்குன்னு சத்தம் வந்தாலோ இழை விலகினாலோ அது வெளித்துணிக்கு ஆகாது, உள்ள அடுக்கா மட்டும் வைங்க. இழுக்கும்போது கெட்டியா நின்னா பை, பிடிதுணி எதுக்கு வேணா போகும்.

காட்டனா கலப்படமான்னு சந்தேகமா இருந்தா ஓரத்துல நாலு இழை உருவி, வாஷ்பேசின் பக்கத்துல நின்னு இடுக்கியில பிடிச்சு கொளுத்துங்க. காட்டன்னா பேப்பர் எரியிற வாசம் வரும், சாம்பல் தொட்டா உதிரும். பட்டுன்னா முடி கருகுற வாசம். பாலியஸ்டர் உருகி, ஆறினதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியா நிக்கும். கண்டாங்கி மாதிரியே கட்டம் போட்டு வர்ற மில் சேலைகள்ல நிறைய கலப்படம், கண்ணால பாத்து கண்டுபிடிக்க முடியாது. இந்தச் சோதனை ஏன் முக்கியம்னா பிடிதுணில பாலியஸ்டர் போட்டா சூட்டுல உருகி கைல ஒட்டிக்கும்.

எல்லாத்தையும் வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு அலசு அலசி காயவச்சு அயர்ன் பண்ணிருங்க. புது காட்டன் பிட் மீட்டருக்கு 3, 4 சென்டிமீட்டர் சுருங்கும், பழைய சேலை ஏற்கனவே சுருங்கி முடிஞ்சது, ரெண்டையும் அலசாம சேத்து தச்சீங்கன்னா முதல் துவைப்புலயே ஒரு பக்கம் இழுத்துக்கும். அரக்கு, கருநீலம், கறுப்பு மூணும் சாயம் விடுற கலரு. ஈரத் துணி மேல ஒரு வெள்ளைத் துண்ட வச்சு அயர்ன் பாக்ஸ அழுத்துங்க, வெள்ளைல கலர் இறங்கிச்சுன்னா அது இன்னும் சாயம் விடுது. தண்ணி தெளியிற வரைக்கும் தனியா அலசுங்க, அப்பவும் விட்டா அந்தத் துணிய வெளிர் கலரோட சேக்காதீங்க. உப்புத் தண்ணில ஊற வச்சா சாயம் நின்னுரும்னு வீட்டுக்கு வீடு சொல்வாங்க, ஏற்கனவே சாயம் ஏத்தின துணில உப்பு பெருசா ஒன்னும் பண்றதில்ல.

சாமான் செட்டு

புதுசா எதுவும் வாங்க வேணாம். கால் மிஷினோ மோட்டார் மிஷினோ எதுவானாலும் சரி, சாதா காட்டனுக்கு 14ம் நம்பர் ஊசி, பிடிதுணி மாதிரி தடிப்பா வர்றதுக்கு 16, பட்டுக்கும் மெல்லிசு துணிக்கும் 11. ஊசி மழுங்கினா மிஷின் டக் டக்குன்னு சத்தம் போடும், தையல் விட்டு விட்டு விழும், அப்பவே மாத்திருங்க. துணி வெட்டுற கத்திரில பேப்பர் வெட்ட வீட்ல யாரையும் விடாதீங்க. பழைய சேலை பிசிறு ரொம்ப கொட்டும், அதனால பாபின் கேஸ அடிக்கடி கழட்டி பிரஷ்ஷால தட்டிவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க.

ஆத்தங்குடி கல்லு டிசைன்ல பிடிதுணி

எனக்கு இதுல எல்லாம் ரொம்ப பிடிச்சது இதுதான், அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன். வீட்டுத் தரைக்குப் போடுற ஆத்தங்குடி கல்ல கண்ணாடி மேல கலர ஊத்தி, மேல சிமென்ட் போட்டு, சூளைல வைக்காமலே தண்ணில போட்டு எடுத்து காயவச்சு செய்வாங்க, அதுல வர்ற சதுரம், முக்கோணம், காத்தாடி டிசைன் அத்தனையும் துணில வரும். 8 இன்ச் கல்லுன்னு வச்சுக்கங்க, நாம தைக்கப்போற பிடிதுணியும் சரியா 8 இன்ச் வரும்.

ரெண்டு கலர் துணி எடுங்க, ஒன்னு அடர்த்தி, ஒன்னு வெளிர். அரக்கு கண்டாங்கி துண்டும் மஞ்ச பிளவுஸ் பிட்டும் சேந்தா கண்ணப் பறிக்கும். ஒவ்வொன்னுலயும் 5 இன்ச் சதுரம் ரெண்டு ரெண்டு வெட்டுங்க, நேர் இழைல வெட்டுங்க, கோணலா வெட்டினா பின்னாடி அழுவீங்க. இப்ப ஒரு அரக்கு, ஒரு மஞ்ச ரெண்டையும் நல்ல பக்கம் உள்ள பாத்த மாதிரி ஒன்னு மேல ஒன்னு வைங்க. மஞ்ச துணியோட பின்பக்கத்துல ஒரு மூலைல இருந்து எதிர் மூலைக்கு சாக்பீஸால கோடு போடுங்க. அந்தக் கோட்டு மேல தைக்கக் கூடாது, கோட்டுக்கு அந்தப் பக்கம் கால் இன்ச் தள்ளி ஒரு தையல், இந்தப் பக்கம் கால் இன்ச் தள்ளி ஒரு தையல். அப்புறம் கோட்டு மேலயே வெட்டுங்க. விரிச்சுப் பாருங்க, பாதி அரக்கு பாதி மஞ்சயா ரெண்டு சதுரம் கைல இருக்கும். அடுத்த ஜோடியையும் இதே மாதிரி பண்ணா மொத்தம் நாலு.

அயர்ன் பண்ணும்போது பாக்ஸ வச்சு எடுக்கணும், தேய்ச்சு இழுக்கக் கூடாது, ஏன்னா மூலைவாக்குல வெட்டின துணி கிராஸ் பீஸ், இழுத்த பக்கமெல்லாம் நீளும். தையல் விளிம்ப அரக்கு பக்கம் சாச்சு அமுக்குங்க, வெளிர் பக்கம் சாச்சா உள்ள இருக்கிற அரக்கு நிழலா தெரியும். நாலு சதுரத்தையும் நாலரை இன்ச்சுக்கு ஓரம் சமன்படுத்தி வெட்டிருங்க, மூலைக்கோடு சரியா மூலைலயே போய் முடியணும், அதை மட்டும் விட்டுக்குடுக்காதீங்க.

இப்ப தரைல நாலையும் அடுக்கி திருப்பித் திருப்பி வச்சுப் பாருங்க. காத்தாடி வரும், நடுவுல வைரம் வரும், கோபுரம் மாதிரி ரெண்டு முக்கோணம் வரும். பிடிச்சத போன்ல போட்டோ எடுத்துக்கங்க, மிஷின்கிட்ட போறதுக்குள்ள எது எந்தப் பக்கம்னு மறந்துரும். மேல் வரிசை ரெண்ட கால் இன்ச்ல இணைங்க, கீழ் வரிசை ரெண்ட இணைங்க. மேல் வரிசைல தையல் விளிம்ப இடப்பக்கம் சாச்சு அமுக்கினா கீழ் வரிசைல வலப்பக்கம் சாய்க்கணும், அப்பத்தான் ரெண்டையும் சேக்கும்போது நடுப்புள்ளி ஒன்னுக்குள்ள ஒன்னு மாட்டி நேரா நிக்கும். சேத்தா எட்டரை இன்ச் சதுரம்.

உள்ள பழைய டர்க்கி டவல் ரெண்டு அடுக்கு. ஸ்பாஞ்ச், ரெக்ரான் பஞ்சு எதுவும் வேணாம், உருகும். எட்டரை இன்ச்சுக்கு டவல் ரெண்டு துண்டு, பின்பக்கத்துக்கு கெட்டியான காட்டன் ஒரு துண்டு வெட்டுங்க. கீழ டவல் ரெண்டு, அதுக்கு மேல டிசைன் துணி முகம் மேல பாத்து, அதுக்கு மேல பின்துணி முகம் கீழ பாத்து. ஒரு மூலைல 4 இன்ச் நாடாவ மடிச்சு வளையமா உள்பக்கமா சொருகி பின் குத்துங்க. சுத்தி கால் இன்ச்ல தையல், ஒரு பக்கத்துல மட்டும் 4 இன்ச் விட்டுருங்க. டவல் விளிம்ப தையலுக்கு ஒட்டினாப்ல வெட்டி எறிஞ்சுட்டு, மூலைய கிள்ளி விட்டுட்டு, விட்ட வழியா திருப்புங்க. மூலைய கம்பியால குத்தாம பென்சில் முனை மொட்டையா வச்சு தள்ளுங்க. விட்ட இடத்த உள்ள மடிச்சு சுத்தி ஒரு மேல்தையல் ஓட்டிட்டு, முக்கோணக் கோடுகள ஒட்டியும் ஒரு தையல் போட்டா அடுக்கு நகராது.

ஜோடியாத்தான் குடுக்கணும். குடுக்கும்போதே "ஈரமா இருக்கையில சட்டிய பிடிக்காதத்தா"ன்னு சொல்லிருங்க, ஈரத்துணி வழியா சூடு சட்டுன்னு ஏறி கை வெந்துரும்.

சுருக்குப்பை, கரையே வாயா

அப்பத்தா இடுப்புல சொருகியிருக்கிற சுருக்குப்பைய பாக்காதவங்க யாரும் இல்ல, வெத்தலை, பாக்கு, சில்லறை, சாவி எல்லாம் அதுக்குள்ள. இப்ப அதையே கொஞ்சம் பெருசா தச்சா நகை வைக்க, போன் சார்ஜர் வைக்க, தாம்பூலம் போட்டுக் குடுக்கன்னு எல்லாத்துக்கும் ஆகுது. சேலைக் கரைய வாய்ப்பட்டியா வைக்கிறதுதான் இதுல அழகு, கரைதான் சேலைலயே கெட்டியான இடம், நாடா உரசி உரசி இழுத்தாலும் தாங்கும்.

வெளித்துணி 9க்கு 10 இன்ச் ரெண்டு, உள்துணி அதே அளவு ரெண்டு. கரைல 3 இன்ச் அகலம், எட்டரை இன்ச் நீளம் ரெண்டு பட்டி. பட்டியோட ரெண்டு தலைப்பையும் கால் கால் இன்ச்சா ரெண்டு மடிப்பு மடிச்சு அடிங்க. அப்புறம் நீளவாக்குல பாதியா மடிச்சு அயர்ன் பண்ணுங்க, டிசைன் வெளிய தெரியணும். வெளித்துணியோட மேல் ஓரத்துல, நல்ல பக்கத்துல, நடுவா பட்டிய வைங்க. மடிச்ச பக்கம் கீழ பாக்கணும், வெட்டின பக்கம் துணி ஓரத்தோட ஒட்டணும், ரெண்டு பக்கமும் முக்கால் இன்ச் இடம் மிஞ்சும், அது மிஞ்சினாத்தான் பக்கத் தையல்ல பட்டி மாட்டாது. அதுக்கு மேல உள்துணிய முகம் கீழ பாத்து போட்டு அரை இன்ச்ல தைங்க. இன்னொரு செட்டும் இதே மாதிரி.

ரெண்டையும் விரிச்சு வெளித்துணியோட வெளித்துணி, உள்துணியோட உள்துணி சேர்ற மாதிரி ஒன்னு மேல ஒன்னு வைங்க, நல்ல பக்கங்க உள்ள இருக்கணும், பட்டி ரெண்டும் வெளித்துணி பக்கம் சாஞ்சிருக்கணும். சுத்தி அரை இன்ச் தையல், உள்துணியோட அடில மட்டும் 3 இன்ச் தைக்காம விடுங்க. அது வழியா மொத்தத்தையும் வெளிய இழுத்து, ஓட்டைய மூடி தச்சு, உள்துணிய உள்ள தள்ளுங்க. பிசிறே வெளிய தெரியாது.

நாடா ரெண்டு, ஒவ்வொன்னும் 26 இன்ச். முதல் நாடாவ ஊக்குல மாட்டி இடப்பக்கத்துல உள்ள விட்டு, முன்பட்டி முழுக்க ஓட்டி, பின்பட்டி வழியா திரும்ப இடப்பக்கமே கொண்டு வந்து முடிச்சுப் போடுங்க. ரெண்டாவது வலப்பக்கத்துல இருந்து அதே மாதிரி சுத்தி வலப்பக்கமே வரணும். ரெண்டையும் ஒரே நேரம் இழுத்தா வாய் இறுக மூடிக்கும், ஒரு நாடா மட்டும் போட்டா ஒரு ஓரமா கோணிக்கும். முடிச்சு மேல மிச்சத் துணில சின்ன உருண்டை தச்சு குஞ்சம் மாதிரி விட்டா அது ஒரு தனி எடுப்பு.

மஞ்சப்பைய கொஞ்சம் திருத்தி

தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல பிளாஸ்டிக் கேரி பைக்கு தடை வந்துச்சு, 2021 டிசம்பர்ல "மீண்டும் மஞ்சப்பை"ன்னு ஒரு இயக்கத்த அரசே ஆரம்பிச்சுச்சு, இருந்தும் கடைக்குப் போறப்ப பைய மறந்துட்டுப் போறவங்கதான் அதிகம். அழகா இருந்தா மறக்க மாட்டாங்கன்னு என் கணக்கு.

முந்தில கெட்டியா இருக்கிற பகுதில 14க்கு 16 இன்ச் ரெண்டு, உள்ள பழைய வேட்டி அதே அளவு. ரெண்டையும் சேத்து ஒரே துணியா பாவிச்சு பக்கமும் அடியும் தைங்க. அடில ரெண்டு மூலையையும் முக்கோணமா இழுத்து, பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்னு மேல ஒன்னு படுற மாதிரி வச்சு, 4 இன்ச் நீளம் வர்ற இடத்துல குறுக்க ஒரு தையல் போட்டு மிச்ச மூலைய வெட்டினா பைக்கு 4 இன்ச் அடி கிடைக்கும், முறுக்கு டின்ன வச்சாலும் சாயாது. காதுக்கு 4 இன்ச் அகலம், 24 இன்ச் நீளத்துல ரெண்டு பட்டை, ஓரங்கள நடுவுக்கு மடிச்சு திரும்பவும் மடிச்சா ஒரு இன்ச் பட்டை வரும். காது தைக்கிற இடத்துல சதுரமா தச்சு நடுவுல பெருக்கல் குறி போடுங்க. வெயிட்ட தாங்குறது அந்தச் சதுரம்தான்.

அப்பச்சியோட (அப்பாவோட) பழைய சட்டைல தலையணை உறை தைக்கிறது இதைவிட சுலபம். பட்டனப் போட்டு மூடி, முன்பக்கத்துல பட்டன் வரிசை நடுவுல வர்ற மாதிரி 17 இன்ச் சதுரம், முதுகுப் பக்கத்துல 17 இன்ச் சதுரம் வெட்டி, முகம் முகம் பாத்து வச்சு சுத்தி அரை இன்ச் தச்சு, பட்டனக் கழட்டி அது வழியா திருப்பிட்டா முடிஞ்சுது. 16 இன்ச் குஷனுக்கு சிக்குன்னு நிக்கும், ஜிப்பு வைக்கிற வேலையே இல்ல. வெளியூர்ல இருக்கிற மகளுக்கு இத அனுப்பி வைங்க.

பிறந்த பிள்ளைக்கு வேட்டி விரிப்பு

துவைச்சு துவைச்சு பூவா ஆன வேட்டிய மிஞ்சின துணி கடைல கிடையாது. ஒரு எட்டு முழ வேட்டில 30க்கு 36 இன்ச் துண்டு நாலு வந்துரும், ஓரமா மிஞ்சுற 20 இன்ச் பட்டைல வாய் துடைக்கிற துணியும் பிப்பும் வெட்டிக்கலாம். ஜரிகைக் கரை இருந்தா முழுசா வெட்டி எடுத்துருங்க, பிள்ளைத் தோல்ல உரசும். தேஞ்ச துண்டு ரெண்டும் நடு அடுக்குக்கு, நல்லது ரெண்டும் மேலயும் கீழயும். தரைல விரிச்சு சுருக்கம் இல்லாம நீவி, சாண் சாண் இடம் விட்டு பெரிய தையலா முதல்ல பிடிச்சுக்கங்க. அப்புறம் ரெண்டு விரல் இடைவெளில வரி வரியா ரன்னிங் தையல், கையாலதான், டிவி பாத்துக்கிட்டே போடலாம். நூல் மட்டும் கலர் நூலா எடுங்க, நாலு வரிக்கு ஒரு கலர் மாத்துங்க. சுத்தி பழைய காட்டன் சேலைல 2 இன்ச் பட்டை வெட்டி பைப்பிங் மாதிரி மடிச்சு மூடிருங்க.

பட்டன், மணி, நாடான்னு பிள்ளை வாயில போடுற எதையும் வைக்காதீங்க. இது மடில விரிக்க, எண்ணெய் தேச்சு விடுறப்ப கீழ போட, அதுக்குத்தான். தூங்குற பச்சப்பிள்ளை மேல போத்தி விடாதீங்க, மூஞ்சில ஏறிக்கிட்டா ஆபத்து.

கொட்டானுக்கு உள்துணி

பனை ஓலைக் கூடை, அதான் கொட்டான், எல்லா வீட்லயும் இருக்கு, ஆனா உள்ள எத வச்சாலும் ஓலை முனை நூலையும் வளையலையும் பிடிச்சு இழுக்கும். உள்துணி தச்சு விட்டா அதுவே பரிசு. அடி சதுரமா இருக்கிற கொட்டானா எடுங்க. அடி 5 இன்ச், உயரம் 5 இன்ச்னு வச்சுக்கங்க. 21க்கு 10 இன்ச் துணி ஒன்னு. 21 இன்ச்ச பாதியா மடிச்சு பக்கத்தையும் அடியையும் அரை இன்ச்ல தைங்க, பைக்கு சொன்ன மாதிரியே அடி மூலை ரெண்டையும் முக்கோணமா இழுத்து 5 இன்ச் நீளத்துல குறுக்க தைங்க, சதுர அடி வந்துரும். மேல மிஞ்சுற 2 இன்ச்ச வெளிப்பக்கமா வாய் மேல மடிச்சு விட்டு உல்லன் நூலால ஓலையோட சேத்து சுத்தித் தைங்க. வாய் கொஞ்சம் அகலமா இருந்தா சுத்தளவ அளந்து துணிய அதுக்கேத்த மாதிரி கூட்டி வெட்டி அடிய சாய்ச்சு குறைங்க. பழைய ஓலை காஞ்சு கெடந்தா ஊசி குத்தினதும் விரியும், ஈரத்துணியால துடைச்சு செத்த நேரம் விட்டுட்டு தைங்க.

"பழசையா குடுக்கிற?"

இந்தக் கேள்வி வராம இருக்காது. எங்க அயித்தையே கேட்டாங்க, "ஏத்தா, நல்ல காரியத்துக்குப் போயி கட்டின துணியக் குடுக்கிறியே?"ன்னு. பெரியவங்க சொல்றத நான் தட்டிக்கழிக்கிறதில்ல. கல்யாணம், வளைகாப்பு மாதிரி இடத்துக்கு வெளித்துணி புது பிட்டாவே இருக்கட்டும், பழசு உள்ள போகட்டும், கறுப்பு தவிர்த்துருங்க, மூலைல துளி மஞ்சள் தடவிருங்க, பேச்சு அதோட நின்னுரும். பச்சப்பிள்ளை விஷயத்துல மட்டும் யாரும் வாயே தொறக்க மாட்டாங்க, ஏன்னா பிறந்த பிள்ளைக்கு பழைய துணிதான் போடணும்னு சொல்றதே அவங்கதான்.

இறந்தவங்க துணின்னா கதை வேற. சொந்த வீட்டு ஆளுகளுக்குள்ள, அதுவும் கேட்டுட்டுத்தான். ஆயாவோட சேலைல பேத்திக்கு சுருக்குப்பை தச்சு குடுத்தா அவ பத்திரப்படுத்துவா, ஆனா அவ அம்மா அந்தச் சேலைய முழுசா வச்சுக்கணும்னு நினைச்சிருந்தா? வெட்டினத ஒட்ட முடியாது. கேட்டுட்டு கத்திரி எடுங்க.

கட்டிக் குடுக்க தனியா கிப்ட் பேப்பர் வேணாம், மிஞ்சின சேலைத் துண்ட சதுரமா வெட்டி, ஓரம் மடிச்சு அடிச்சு, சாமான நடுவுல வச்சு நாலு முனையையும் கட்டுங்க. ஒரு சீட்டுல "முதல் ரெண்டு தடவ தனியா அலசவும், நிழல்ல காயப்போடவும்"னு எழுதி உள்ள போடுங்க. அரக்கு கலந்திருந்தா கட்டாயம் போடுங்க, இல்லேன்னா அவங்க வீட்டு வெள்ளை வேட்டி பூரா ரோஸ் கலராகி உங்களுக்கு போன் வரும்.